பொறிவண்டும் எறும்பும்: சின்னப் பிள்ளைகளுக்குப் பூச்சி வரையப் பழக்குதல்

கேள்வி: சேர், நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். 3 வயது முதல் 5 வயது வரையான பிள்ளைகள் எல்லோரும் ஒரே அறையில்தான். சென்ற வாரம் பூச்சிகளைப் பற்றிப் பேசிவிட்டு, கரும்பலகையில் ஒரு பொறிவண்டை வரைந்து, அதைப் பார்த்துப் போடச் சொன்னேன். சிலர் ஒரு வட்டத்தோடு நின்றுவிட்டார்கள். ஒரு மகன் பத்துப் பன்னிரண்டு கால் போட்டான். ஒரு மகள், "எனக்கு வராது, நீங்களே போட்டுத் தாங்க டீச்சர்" என்று அழத் தொடங்கிவிட்டாள். வருட இறுதியில் கண்காட்சி வைக்க வேண்டும். பெற்றோர் அழகான படங்களை எதிர்பார்க்கிறார்கள். டவுனில் போட்டோகொப்பி எடுத்த படங்களைக் கொடுத்து நிறம் தீட்ட வைப்பதா, அல்லது வரையப் பழக்க வேறு முறை உண்டா? எந்தப் பூச்சியில் தொடங்குவது? தவறாகப் போட்டால் திருத்தலாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் பிள்ளைகளிடம் குறை எதுவும் இல்லை. கரும்பலகையில் நீங்கள் வரைந்து வைத்த பொறிவண்டுதான் அன்றைய சிக்கலுக்குக் காரணம் என்று நினைக்கிறேன். வரைந்து முடிக்கப்பட்ட படத்தைப் பார்க்கும் நாலு வயதுப் பிள்ளைக்கு, அதில் எந்தக் கோடு முதலில் வந்தது, கை எங்கே தொடங்கி எங்கே நின்றது என்பது தெரியாது. சரியான விடை ஏற்கெனவே டீச்சரிடம் இருக்கிறது, தன் கைக்கு அது வரவில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும். ஆகவே அந்த மகள் அழுதது இயல்பானது. அடுத்த முறையும் கரும்பலகையில் வரையுங்கள், ஆனால் பிள்ளைகளின் கண் முன்னே, மெதுவாக, ஒவ்வொரு அசைவையும் வாயால் சொல்லிக்கொண்டே வரையுங்கள். வரைந்து முடித்ததும் அதை அழித்துவிட்டு, அதன் பிறகுதான் தாளைக் கொடுங்கள். கையின் அசைவு நினைவில் நிற்கும். பார்த்து எழுதுவதற்கான விடை கண்முன்னே இருக்காது. இந்தப் பதிலில் ஒரே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன் என்று நீங்கள் சொன்னால், இதையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

எந்த வயதில் கைக்கு என்ன வரும் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். பொதுவாக 3 வயதளவில் பிள்ளையால் ஒரு வட்டத்தைப் பார்த்து வரைய முடிகிறது. 4 வயதளவில் குறுக்கும் நெடுக்குமான கூட்டல் குறி வருகிறது. சதுரம் அதற்குப் பிறகும், முக்கோணம் ஏறக்குறைய 5 வயதிலும் வருகின்றன. இதில் ஒரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளைக்கும் மாதக்கணக்கில் முன்பின் இருக்கும். ஒஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த சித்திரக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947 இல் முன்வைத்த வகுப்பின்படி, 2 முதல் 4 வயது வரை கிறுக்கல் பருவம். 4 முதல் 7 வரையான பருவத்தில்தான் கிறுக்கல் ஓர் உருவமாகத் திரளத் தொடங்குகிறது. அப்படியானால், உங்கள் அறையில் ஒரு வட்டத்தோடு நின்றுவிட்ட மூன்று வயதுப் பிள்ளைகள் தங்கள் வயதுக்குரிய வேலையைச் செய்து முடித்துவிட்டார்கள். அந்த வட்டத்தின் உள்ளே நாலு புள்ளி குத்திவிட்டு "வண்டு" என்று சொன்னால் அது வண்டுதான்.

இனி, எந்தப் பூச்சி என்ற கேள்வி. வட்டமும் நேர்கோடும் வரும் கைக்கு, வட்டத்தாலும் நேர்கோட்டாலும் ஆன பூச்சியைக் கொடுக்க வேண்டும். சிறியவர்களுக்குப் பொறிவண்டு பொருந்தும், ஏனென்றால் மேலிருந்து பார்க்கும்போது அதன் உடல் ஏறக்குறைய ஒரே வட்டம். பெரியவர்களுக்கு, அதாவது நாலரை வயதைத் தாண்டியவர்களுக்கு, எறும்பு பொருந்தும். தலை, மார்பு, வயிறு என்று மூன்று உருண்டைகள் வரிசையாகத் தெளிவாகத் தெரியும் பூச்சி அதைப் போல வேறில்லை. நம் முன்பள்ளிகளில் பெரும்பாலோர் வண்ணத்துப்பூச்சியில்தான் தொடங்குகிறார்கள். சிவனொளிபாதமலை சீசனில் கூட்டங்கூட்டமாக அவை பறந்து போவதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு அதன் மேல் ஆசை இருப்பது நியாயந்தான். ஆனால் வரைவதற்கு அதைவிடக் கடினமான பூச்சி இந்த வயதுக்குக் கிடையாது: நான்கு சிறகுகள், இடமும் வலமும் ஒன்றுபோல் அமைய வேண்டிய வளைவுகள், நடுவில் ஒடுங்கிய உடல். இடப்பக்கம் வளைந்த அதே வளைவை வலப்பக்கம் திருப்பிப் போடுவது முதலாம் தரப் பிள்ளைக்கே எளிதல்ல. வண்ணத்துப்பூச்சி வேண்டுமென்றால், தாளை இரண்டாக மடித்து, ஒரு பாதியில் பெயின்ட் சொட்டுகளை விட்டு அழுத்தி விரித்துச் சிறகுகள் ஆக்கலாம். பென்சிலால் வரையும் வண்ணத்துப்பூச்சியை இரண்டு வருடம் தள்ளி வையுங்கள்.

வரைவதற்கு முதல் நாள், பிள்ளைகள் உயிருள்ள பூச்சியைப் பார்க்க வேண்டும். இந்த விடயத்தில் கொழும்புப் பிள்ளையை விட உங்கள் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். லயத்துக்கு முன்னால் உள்ள ரோசாச் செடியிலும் போஞ்சிக் கொடியிலும், கவ்வாத்து வெட்டிய மலையில் புதிதாகத் துளிர்க்கும் கொழுந்திலும் செடிப்பேன்கள் மொய்க்கும். அவற்றைத் தின்னப் பொறிவண்டு தேடி வரும். அகன்ற வாயுள்ள கண்ணாடிப் போத்தல் ஒன்றில், இருந்த இலையோடு சேர்த்து ஒரு வண்டை எடுத்து, வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். கையால் பிடித்து நசுக்கினால் அது தன் கால் மூட்டுகளிலிருந்து மஞ்சள் நிறமான கசப்புத் திரவத்தை வெளிவிடும். ஆபத்தில்லை, ஆனால் நாற்றமும் கறையும் உண்டு. கம்பளிப்புழுக்களைத் தொடக்கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், தேயிலையில் உடம்பெல்லாம் முள்ளுள்ள, பட்டால் கடுக்கும் புழுக்களும் உண்டு. பாடம் முடிந்த அன்றே வண்டை எடுத்த செடியிலேயே விட்டுவிடுவது நல்லது. சாப்பாடு இல்லாமல் போத்தலில் அது நாள்கணக்கில் இராது.

குளவியைப் பற்றி ஒரு வார்த்தை. கொழுந்து எடுக்கும் மலையில் குளவி கொட்டி அம்மாவையோ அத்தையையோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன வீடுகள் எந்தத் தோட்டத்திலும் உண்டு, ஆகவே "உங்களுக்குத் தெரிந்த பூச்சி எது?" என்று கேட்டவுடன் சில பிள்ளைகள் முதலில் குளவி என்பார்கள். அதைப் பாடமாக எடுக்க வேண்டாம். ஆனால் ஒரு பிள்ளை தானாகவே குளவியை வரைந்தால் தடுக்கவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, அது சொல்வதைக் கேட்டால் போதும். அந்தப் படத்தில் எத்தனை கால் என்று எண்ண வேண்டியதில்லை.

போத்தல் கைக்குக் கை சுற்றி வரும்போது நீங்கள் விளக்கம் கொடுப்பதை விடக் கேள்வி கேட்பது பயன் தரும். வண்டின் முதுகில் நடுவே ஒரு கோடு தெரிகிறதா, அந்தக் கோடு எங்கே தொடங்குகிறது, அது பறக்கும்போது முதுகு என்ன ஆகிறது என்று கேளுங்கள். அந்தக் கோடு இரண்டு கடினமான மேற்சிறகுகள் சந்திக்கும் இடம். பறக்கும்போது அவை கதவு போல் இரு பக்கமும் திறக்க, உள்ளே மடித்து வைத்திருந்த மெல்லிய சிறகுகள் வெளியே வரும். இதை ஒருமுறை பார்த்த பிள்ளை நடுக்கோட்டைப் போட மறக்காது, ஏனென்றால் அது அதற்கு அலங்காரக் கோடு அல்ல. தலையைப் பற்றி நம்மில் பலருக்கே ஒரு குழப்பம் உண்டு: முன்னால் கறுப்பும் வெள்ளையுமாகத் தெரியும் அகன்ற பகுதி தலை அல்ல, அது மார்பை மூடிய கேடயம்; தலை அதற்கும் முன்னால் மிகச் சிறியதாக நீட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் குழப்பத் தேவையில்லை, ஆனால் ஒரு பிள்ளை இரண்டு அரைவட்டங்கள் போட்டால் அது ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பாடத்தைப் பெரிய தாளில் நடத்துங்கள். கொப்பித் தாள் இந்த வயதுக்குச் சிறியது, ஏனென்றால் பிள்ளை விரலால் அல்ல, தோளாலும் முழங்கையாலும் வரைகிறது. டிமைத் தாளை நான்காக வெட்டலாம். பழைய கலண்டரின் பின்புறம் அதைவிட மலிவு. தாளுக்கும் முன், இஸ்தோப்புச் சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் வரைய விடுவது இன்னும் நல்லது, அழிக்கலாம் என்ற தைரியம் அதில் உண்டு. நிறக்கட்டிகளை உடைத்துச் சிறு துண்டுகளாகக் கொடுங்கள், நீளமானதை முட்டியில் பிடிக்கும் பிள்ளை சிறு துண்டை விரல் நுனியால் பிடிக்கும். மார்கழி, தை மாதக் குளிரில் காலையில் விரல்கள் விறைத்திருக்கும். கை தட்டும் பாட்டு ஒன்றைப் பாடி, சூரியன் ஏறிய பிறகு சித்திரம் எடுங்கள்.

இனி வரையும் முறை. முதலில் எல்லோரும் எழுந்து நின்று விரலால் காற்றில் ஒரு பெரிய வட்டம் போடட்டும். "பெரிதாகச் சுற்றிப் போங்க, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வாங்க" என்று சொல்லுங்கள். "வட்டம்" என்ற வடிவத்தின் பெயரை விட அந்த அசைவைச் சொல்லும் வார்த்தை கைக்கு உதவும். அதே அசைவைத் தாளில் செய்த பிறகு, முதுகின் மேலிருந்து கீழே ஒரே கோடு. பிறகு மேல் பக்கத்தில் ஒரு சின்னத் தலை. அதில் இரண்டு குட்டை உணர்கொம்புகள். பிறகு இந்தப் பக்கம் மூன்று கால், அந்தப் பக்கம் மூன்று கால். புள்ளிகளைக் கட்டாயம் கடைசிக்கு விடுங்கள். புள்ளி குத்துவது பிள்ளைகளுக்கு அவ்வளவு பிடித்த வேலை என்பதால், முதலில் அதைத் தொட்டால் தாள் ஓட்டையாகும் வரை நிற்காது, காலும் தலையும் வராமலே மணி அடித்துவிடும். மூன்று வயதினருக்கு இந்த வரிசை முழுவதும் தேவையில்லை. கட்டைவிரலைச் சிவப்புப் பெயின்டில் தொட்டுத் தாளில் பதித்து, காய்ந்ததும் கறுப்பு நிறக்கட்டியால் கோடு போட வைத்தால் அவர்களும் ஒரு வண்டு செய்துவிடுவார்கள்.

புள்ளிகளை எப்படித் திருத்துவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அதைச் சொல்லாமல் விட மனமில்லை. போட்டோகொப்பிப் படங்களில் வரும் பொறிவண்டு பெரும்பாலும் சிவப்பு முதுகில் 7 கறுப்புப் புள்ளிகள் கொண்டது. அது ஐரோப்பாவில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் இனத்தின் உருவம். இலங்கைத் தோட்டங்களில் அடிக்கடி கண்ணில் படும் இரண்டு இனங்களுக்கு உருண்டைப் புள்ளிகளை விட வளைந்து நெளிந்த கறுப்புக் கோடுகளும் பட்டைகளுமே முதுகில் உண்டு. நிறமும் மஞ்சள் கலந்த செம்மஞ்சளாக இருப்பது வழக்கம். உருளைக்கிழங்கு, கத்தரி இலைகளைச் சுரண்டித் தின்னும், மங்கிய நிறமும் நுண்ணிய மயிரும் கொண்ட இன்னொரு வண்டுக்கு 28 புள்ளிகள். நுவரெலியா, வெலிமடைப் பக்கத்தில் கிழங்கு போடும் வீட்டுப் பிள்ளை அதைத்தான் பார்த்திருக்கும், அதன் அப்பா அதற்கு மருந்தும் அடித்திருப்பார். ஆகவே நெளிகோடு போட்ட பிள்ளையும், முதுகு முழுக்கப் புள்ளி நிரப்பிய பிள்ளையும், படத்தைப் பார்த்து 7 புள்ளி போட்ட பிள்ளையை விட உண்மைக்கு அருகில் இருக்கக்கூடும். "எந்தச் செடியில பாத்தீங்க மகள்?" என்று கேளுங்கள், பதிலைக் கேட்ட பிறகு திருத்த வேண்டுமா என்று யோசிக்கலாம். புள்ளிகளின் எண்ணிக்கை வண்டின் வயதைக் காட்டும் என்று யாராவது சொன்னால் அதை மட்டும் ஏற்க வேண்டாம். புள்ளி இனத்தைப் பொறுத்தது, வயதைப் பொறுத்ததல்ல.

எறும்புப் பாடத்தைத் தரையிலேயே தொடங்குங்கள். மூன்று போத்தல் மூடிகளை வரிசையாக ஒட்டி வைத்து, விளக்குமாற்று ஈர்க்கை ஆறு துண்டுகளாக உடைத்துக் கொடுத்து, கால்களை எங்கே வைக்கலாம் என்று கேளுங்கள். எல்லாப் பூச்சிகளுக்கும் ஆறு கால்களும் நடுப்பகுதியான மார்பிலிருந்தே புறப்படுகின்றன, வயிற்றிலிருந்து ஒன்றுகூட இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் ஒவ்வொரு மூடிக்கும் இரண்டு ஈர்க்காகப் பங்கிட்டு வைப்பார்கள். பரவாயில்லை, ஈர்க்கை நகர்த்துவதற்கு அழிறப்பர் தேவையில்லை. சீனித்துகளைத் தேடி வந்த எறும்பொன்றை அதே தரையில் பார்த்துவிட்டு அவர்களாகவே நகர்த்தினால் அதுதான் படிப்பு. அந்த உருவம் மூடியும் ஈர்க்குமாகக் கண்முன்னே இருக்கும்போதே பக்கத்தில் வெண்கட்டியால் வரையட்டும். காலில் உள்ள மடிப்பு, முழங்கை போல் வளைந்த உணர்கொம்பு ஆகியவற்றை இப்போது எதிர்பார்க்காதீர்கள். சாய்ந்த கோடுகள் கைக்கு வந்த பிறகு, முதலாம் இரண்டாம் தரங்களில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்தில் மறுபடி பார்க்கும்போது தானாக வரும்.

பன்னிரண்டு கால் போட்ட மகனை என்ன செய்வது என்பதற்கும் பதில் இதுதான். அவன் தாளில் உங்கள் பேனா படக்கூடாது. அவனுக்குக் கால் "நிறைய" என்று தெரிந்திருக்கிறது, அதை அவன் கை நேர்மையாகச் சொல்லியிருக்கிறது. போத்தலைக் கொடுத்து, "இந்தப் பக்கம் எத்தனை, எண்ணிப் பாருங்க மகன்" என்று ஒரு பக்கத்தை மட்டும் எண்ண வையுங்கள். ஓடுகிற பூச்சியில் ஆறையும் ஒரே மூச்சில் எண்ணுவது பெரியவருக்கே சிரமம், மூன்று வரை எண்ணுவது நாலு வயதுக்குச் சுலபம். எண்ணிய பிறகு அடுத்த வண்டில் மூன்று போட்டால் மகிழ்ச்சி. போடாவிட்டால் இன்னொரு நாள் இன்னொரு போத்தல். வண்டுக்குச் சிரிக்கும் வாயும் கண்ணிமையும் போட்டிருந்தால் அதைத் தவறென்று எண்ணவே வேண்டாம். இந்த வயதில் சூரியனுக்கும் முகம் உண்டு. சிலந்திக்கு ஆறு கால் போட்டால் மட்டும் சிலந்தியைக் காட்டி எண்ண வையுங்கள், அதற்கு எட்டு. அட்டைக்குக் காலே இல்லை என்று யாராவது சொல்லிச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அழுத மகளுக்குப் படத்தைப் போட்டுக் கொடுக்காதீர்கள், அவள் கையைப் பிடித்தும் வரையாதீர்கள். இரண்டுமே அவள் சொன்ன "எனக்கு வராது" என்பதை நீங்களும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். உங்களுக்கென்று வேறொரு தாளை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்காருங்கள். "என் வண்டு எங்கே உட்காரலாம், மேலேயா கீழேயா?" என்று கேட்டு, அவள் காட்டிய இடத்தில் வட்டத்தைப் போடுங்கள்; "நிறம் நீங்க சொல்லுங்க" என்று அடுத்த முடிவையும் அவளிடமே விடுங்கள். சிறிது நேரத்தில் உங்கள் வண்டுக்குச் சாப்பாடாகச் செடிப்பேன்களைப் புள்ளி புள்ளியாகத் தன் தாளில் போடச் சொல்லலாம், புள்ளி போட வராத பிள்ளை இல்லை. அன்றைக்கு வண்டு வராமல் செடிப்பேன்களோடு பாடம் முடிந்தாலும் நட்டமில்லை.

போட்டோகொப்பிப் படத்தைப் பற்றி நான் கடுமையாகச் சொல்லப் போவதில்லை, மழை நாளில் பிள்ளைகள் எல்லோரையும் அரை மணி நேரம் உட்கார வைக்க அது உதவும் என்பது எனக்குத் தெரியும். கோட்டுக்குள் நிறம் தீட்டுவது கையைக் கட்டுப்படுத்தப் பழக்கும், வரையப் பழக்காது. மேலே சொன்ன லோவன்ஃபெல்ட் அதை அடியோடு எதிர்த்தார், ஆயத்தப் படத்தைத் தீட்டிய பிள்ளை தன் சொந்தப் படத்தில் நம்பிக்கை இழக்கும் என்பது அவர் வாதம். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன், ஆனால் வரையும் பாடம் நடக்கும் அதே வாரத்தில் ஆயத்தப் படம் வெளியே வரக்கூடாது என்று சொல்வேன், ஏனென்றால் பிள்ளை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும், எது தோற்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

கண்காட்சியில் பெற்றோரை எதிர்கொள்வதற்கு ஒரு வழி உண்டு, ஆனால் அதை ஜனவரியிலேயே தொடங்க வேண்டும். வருடத் தொடக்கத்தில் ஒருமுறை, ஆடியில் ஒருமுறை, கார்த்திகையில் ஒருமுறை என்று ஒரே பூச்சியை வரைய வைத்து, ஒவ்வொரு பிள்ளையின் மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வரும் அம்மாவுக்குத் தனித்து நிற்கும் ஒரு கோணல் வண்டில் எதுவும் தெரியாமல் போகலாம்; மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், வெறும் சுழிப்பு எப்படி வட்டமாகி, வட்டம் எப்படிக் காலும் தலையுமாக வளர்ந்திருக்கிறது என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. அத்தோடு, வரையும்போது பிள்ளை சொன்னதை அதன் பேச்சிலேயே ஒரு வரி எழுதி அடியில் ஒட்டுங்கள்: "இது கொழுந்து மலைக்குப் போகுது, அங்க அதோட அம்மா இருக்கு" என்பது போல. அந்த வரியை வாசிக்கும் பெற்றோர் படம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதை மறந்துவிடுவார்கள்.

ஐந்து வயதை நெருங்கியும் வட்டத்தை மூட முடியாத, நிறக்கட்டியைப் பிடிக்கவே சிரமப்படும், அல்லது தாளை முகத்தோடு ஒட்ட வைத்துப் பார்க்கும் பிள்ளை இருந்தால், அதைச் சித்திரப் பிரச்சினையாக எடுக்காமல், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். கண்ணையோ கையையோ முதலாம் தரத்துக்குப் போகுமுன் பார்ப்பது நல்லது.

தாள்களில் பெயரையும் திகதியையும் பின்புறத்தில், பென்சிலால் எழுதுங்கள். கலண்டர்த் தாள் அல்லாத மெல்லிய தாள்களில் பேனை மை மறுபக்கம் ஊறி, பிள்ளை போட்ட கோடுகளோடு கலந்துவிடும்.